பெல்ட் மட்டும் போதுமா?

டைமிங் பெல்ட் கேட்டு வருபவருக்கு பெல்ட்டை மட்டும் எடுத்துக் கொடுத்து அனுப்பும் பழக்கம் நம் உதிரிபாகக் கடைகளில் இன்னும் இருந்து வருகிறது. கேட்டதைக் கொடுத்தோம், காசை வாங்கினோம், அத்துடன் வியாபாரம் முடிந்தது என்று எண்ணுகிறோம். உண்மையில் அங்கேதான் வம்பு ஆரம்பமாகிறது. இது பற்றி நம் சங்க உறுப்பினர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஷாப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கு ஒரு பல் அளவுகூடத் தவறாமல் பார்த்துக் கொள்வதுதான் இந்த பெல்ட்டின் வேலை. 1962ல் ஜெர்மனியில் தயாரான கிளாஸ் 1004 என்ற காரில்தான் பல் வைத்த ரப்பர் பெல்ட் முதன்முதலில் இந்த வேலைக்கு வந்தது. அதற்கு முன் செயினும் கியரும்தான். பெல்ட் சத்தமில்லாதது, விலை குறைவு. ஆனால் அதற்கு ஆயுள் உண்டு. கிலோமீட்டர் கணக்கு ஒன்று, வருடக் கணக்கு ஒன்று. எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றியாக வேண்டும்.

இந்த பெல்ட் தனியாக ஓடுவதில்லை. அதை இறுக்கிப் பிடிக்க டென்ஷனர், வழி நடத்த ஐட்லர் புல்லி. பல எஞ்சின்களில் வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. டஸ்டர் போன்ற வண்டிகளில் வந்த ரெனோவின் 1.5 டீசல் எஞ்சினும், போலோ, வென்டோவில் வந்த 1.5 டீசலும் அப்படிப்பட்டவை. டென்ஷனரிலும் ஐட்லரிலும் உள்ள பேரிங்குக்கு ஆரம்பத்தில் வைத்த கிரீஸ்தான், பிறகு வைக்க வழியில்லை. பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடியதோ அத்தனையும் இவையும் ஓடியிருக்கின்றன. புது பெல்ட்டைப் பழைய டென்ஷனரில் மாட்டினால், பேரிங் இறுகும் நாளில் புது பெல்ட்டும் சேர்ந்தே போகும். பம்பு கசிந்தாலும், கேம் சீல், கிராங்க் சீல் ஒழுகி ஆயில் பட்டாலும் பெல்ட்டின் ஆயுள் குறையும். பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ பெரும்பாலான எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வந்து வால்வை இடிக்கும். பிறகு ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

கூலியையும் பாருங்கள். பெல்ட் மாற்ற எஞ்சின் மவுண்டைக் கழற்ற வேண்டும், கிராங்க் புல்லியைக் கழற்ற வேண்டும், கவர்களை எடுக்க வேண்டும். டென்ஷனர் மாற்றவும், பெல்ட்டில் ஓடும் பம்பை மாற்றவும் அதே வேலைதான். இன்று பெல்ட், ஆறு மாதம் கழித்து பம்பு என்றால் வாடிக்கையாளர் ஒரே கூலியை இரண்டு முறை கொடுக்கிறார். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்தானாம் என்ற கதைதான்.

நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவருக்கு இது நடந்தது. செட்டாக வாங்கச் சொல்லியும் கேட்காமல் பெல்ட்டை மட்டும் வாங்கிப்போன ஒருவர், சில மாதத்தில் வண்டியை டோ செய்துவிட்டு நேரே கடைக்கு வந்தார். இறுகியது பழைய டென்ஷனர். ஆனால் அவர் பேச்சு முழுவதும் "நீங்கள் கொடுத்த பெல்ட்" என்பதுதான். செட்டாக வாங்கச் சொன்னது பில்லில் எங்கும் எழுதப்படவில்லை. வாயால் சொன்ன சொல்லுக்கு என்ன சாட்சி?

சட்டமும் மாறியிருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளால் தீங்கு நேர்ந்தால் சில சந்தர்ப்பங்களில் விற்றவரையும் பொறுப்பாக்குகிறது. தயாரிப்பாளர் யார் என்று தெரியாத பொருளை விற்பது அதில் ஒன்று. தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையையும் உபயோகக் குறிப்பையும் வாங்குபவருக்குச் சொல்லாமல் விடுவது இன்னொன்று. பெயரில்லாத டென்ஷனரை உதிரியாக வாங்கி, நல்ல கம்பெனி பெல்ட்டோடு சேர்த்து "செட்" என்று கட்டிக் கொடுப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

செட் விற்க வேண்டும் என்பதற்காகத் தேவையில்லாததைத் தலையில் கட்டுவதும் கூடாது. வெளி பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்பு நன்றாக இருந்தால், "இதற்கு இப்போது வேண்டாம்" என்று சொல்லத் தெரிய வேண்டும். பழைய ஸ்விப்ட் டீசலின் 1.3 எஞ்சினில் இருப்பது செயின். அந்த வண்டிக்காரர் டைமிங் பெல்ட் கேட்டு வந்தால் விளக்கிச் சொல்லி அனுப்புவதுதான் முறை. அன்றைக்கு விற்பனை போனாலும் அந்த ஆள் நம் வாடிக்கையாளர் ஆகிவிடுவார்.

சரக்கைப் பாதுகாப்பதிலும் கவனம் வேண்டும். பெல்ட்டின் உள்ளே இருப்பது கண்ணாடி இழை. மடித்தாலும் முறுக்கினாலும் அது வெளியே தெரியாமல் ஒடியும். ஆணியில் மாட்டித் தொங்கவிடுவதும், வெயில் படும் ஷோகேசில் வைப்பதும் ஆகாது. பெட்டியோடு வைத்து, முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும்.

இதற்கு சில்லறைக் கடைக்காரர்கள் சொல்லும் பதில் நமக்குத் தெரியும். "ஒவ்வொரு வண்டிக்கும் செட் வாங்கி அடுக்கினால் பணம் முடங்காதா?" என்பார்கள். நியாயமான கேள்வி. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் ரெனோ இங்கே டீசல் கார்களை நிறுத்திவிட்டது. இன்று அந்த வண்டிகள் இரண்டாம், மூன்றாம் கைகளில் ஓடுகின்றன. அவற்றின் செட் என்றைக்கு விற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே சுமையின் ஒரு பகுதியை மொத்த வியாபாரிகளாகிய நாம் ஏற்க வேண்டும். பிரிக்காத செட்டைக் குறிப்பிட்ட காலத்துக்குள் திருப்பி எடுத்துக் கொள்ள வேண்டும். மெதுவாகப் போகும் அயிட்டங்களை நம் கிடங்கில் வைத்து, கேட்ட மறுநாளே அனுப்ப வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதமாக இருந்த வாகன உதிரிபாகங்களின் ஜி.எஸ்.டி. 18 ஆகக் குறைந்தது. அந்தப் பலன் கடைசி வாடிக்கையாளர் வரை போய்ச் சேருகிறதா என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

சில்லறை உறுப்பினர்களிடம் நாம் கேட்பது இரண்டே. எஞ்சின் நம்பர், வருடம், மாடல் மூன்றையும் கேட்காமல் பெல்ட்டை எடுத்துக் கொடுக்காதீர்கள். செட் வேண்டாம் என்று சொல்பவருக்கு, "டென்ஷனர், ஐட்லர் மாற்றப் பரிந்துரைக்கப்பட்டது, வாடிக்கையாளர் பெல்ட் மட்டும் வாங்கினார்" என்று பில்லிலேயே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். பாதிப் பேர் அந்த வரியைப் படித்ததும் செட்டையே கேட்பார்கள். மீதிப் பேர் விஷயத்தில் உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கும்.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகவே கொண்டுவரலாம் என்பது நம் யோசனை. உறுப்பினர்கள் தங்கள் கருத்தைச் செயலாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.