மின்சார வண்டி: வேலை யாருக்கு?

பெட்ரோல் வண்டியின் காலம் மலையேறுகிறது, மின்சார வண்டியின் காலம் பிறக்கிறது என்கிறார்கள். புகை குறைந்தால் நகரத்துக்கு நல்லது. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் உழைத்துப் பிழைக்கும் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இதில் வேலை எத்தனை பேருக்கு? எத்தனை நாளைக்கு?

பெங்களூருக்கு இத்தொழில் புதிதல்ல. ரேவா என்னும் சிறிய மின்சாரக் கார் 2001-ல் இங்குதான் விற்பனைக்கு வந்தது. நாட்டிலேயே முதன்முதலில், 2017-ல், மின்சார வண்டிக் கொள்கை வகுத்ததும் கர்நாடகமே. ஆயினும் இங்கே தலைமை அலுவலகம் வைத்துள்ள ஏத்தர் ஓசூரிலும், ஓலா போச்சம்பள்ளியிலும் தொழிற்சாலை அமைத்தன. 1½ லட்சம் வேலைகள் உருவாக்குவதே இலக்கு என்று தமிழக அரசின் 2023-ம் ஆண்டுக் கொள்கை கூறுகிறது.

கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் புரட்ட வேண்டும். மின்சார வண்டிக்கு பிஸ்டன் வேண்டாம், கார்புரேட்டர் வேண்டாம், சைலன்சர் வேண்டாம். இவற்றைக் கடைந்து கொடுத்து வயிறு வளர்க்கும் சிறு பட்டறைகள் பீன்யாவிலும் ஓசூரிலும் உண்டு. அங்கே லேத் முன் நிற்கும் நம்மவர்களை மின்சார வண்டித் தொழிற்சாலை தானாக வந்து அழைத்துக்கொள்ளாது.

தொழில் நிலைக்குமா என்பது அடுத்த கேள்வி. 2023 ஜூனில் மத்திய அரசு ஸ்கூட்டருக்கான மானிய உச்சவரம்பை 40 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைத்தது. அந்த மாதமே விற்பனை பாதிக்கும் கீழே சரிந்தது. பின்னர் தேறிக்கொண்டு, 2024-25-ல் 11 லட்சத்தைத் தாண்டியது உண்மை. ஆனால் பாட்டரி செல்களுக்கு இன்னும் பெரும்பாலும் சீனாவையே நம்பியிருக்கிறோம். மோட்டார் காந்தங்களுக்கு 2025 ஏப்ரலில் சீனா கட்டுப்பாடு விதித்ததும் இங்குள்ள தொழிற்சாலைகள் திண்டாடின. செல்லும் காந்தமும் இங்கேயே உருவானால்தான் வேலையும் இங்கே வேரூன்றும்.

மாற்றம் வந்தால் தொழிலாளி தெருவுக்கு வரத்தான் வேண்டுமா? இல்லை. வாரணாசியில் 1961-ல் அமைந்த டீசல் எஞ்சின் தொழிற்சாலை இன்று மின்சார எஞ்சின்களைச் செய்கிறது. 2020-ல் பெயரும் மாறியது. ஆனால் ஆலைக்குப் பூட்டுப் போடவில்லை. ரயில்வேயால் முடிந்ததைத் தனியார் துறையிலும் செய்விக்க அரசால் முடியாதா?

மானியமும் நிலமும் பெறும் நிறுவனம் இத்தனை பேருக்கு நிரந்தர வேலை தரவேண்டும் என்று அரசு நிபந்தனை போடட்டும். லேத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு மறுபயிற்சி கிடைக்கட்டும். சிறு பட்டறைகள் புதிய எந்திரம் வாங்கக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை ஐ.டி.ஐ.யில் சேர்க்கும்போது எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக்ஸ் பிரிவுகளையும் விசாரியுங்கள். வேலைக்குச் சேரும் முன் அது நிரந்தரமா, ஒப்பந்தமா என்று எழுத்தில் கேளுங்கள். வண்டி எதில் ஓடினாலும் சரி, உழைப்பவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.