தனியாவா வந்திருக்கீங்க?

சென்னையில் இருக்கும் தோழி ஒருத்தி போன வாரம் வாட்ஸப்பில் கேட்டாள். "டிசம்பர் லீவுக்கு உங்க அம்மா ஊர்ப் பக்கம் வரலாம்னு இருக்கேன்டி. ஸ்ரீவில்லிபுத்தூர்லயோ ராஜபாளையத்துலயோ சின்னதா, அழகா ஒரு ஹோட்டல் சொல்லேன். முற்றம், ஊஞ்சல், ஆத்தங்குடிக் கல்லு, அந்த மாதிரி."

அவள் கேட்பது காரைக்குடியை. செட்டிநாட்டு வீடுகள் ஹோட்டலான பிறகு, தெற்கே எந்த ஊருக்குப் போனாலும் நமக்கு அதே முற்றம் வேண்டும், அதே பித்தளை அண்டா வாசலில் பூ மிதக்க இருக்க வேண்டும். அந்த முற்றத்தைப் பெருக்கியவர்கள் எந்த வாசல் வழியாக வந்து போனார்கள் என்று நாம் கேட்பதில்லை. போட்டோ நல்லா வரும், அது போதும். நானும் அந்தத் தூணில் சாய்ந்து போட்டோ எடுத்தவள்தான்.

ராஜபாளையம் மில் ஊர். நூல், பேண்டேஜ் துணி, நாய். ரூம் எடுப்பவர்கள் நூல் வாங்க வரும் ஆட்கள், மெடிக்கல் ரெப்புகள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர், கோயில் ஊர். அங்கே ரூம் எடுப்பவை குடும்பங்கள். ஆடிப்பூரத் தேருக்கும் முகூர்த்த நாளுக்கும் கூட்டமாக வந்து, ஒரு ரூமில் எட்டுப் பேர் படுத்துக் கிளம்புவார்கள். இரண்டு ஊர் லாட்ஜுகளும் இவர்களுக்காகக் கட்டப்பட்டவை. அழகு அவர்கள் கணக்கிலேயே இல்லை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் சண்டை வேறு.

அம்மாச்சி இறந்த பிறகு வீட்டை விற்றுவிட்டார்கள். இரண்டு வருடம் முன்பு ஒரு கல்யாணத்துக்காகப் பொதிகையில் வந்து, விடியற்காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். அம்மா ஊர்ப் பக்கம் முதல் தடவையாகக் காசு கொடுத்துப் படுக்கப் போகிறேன். முதல் லாட்ஜில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஆட்டோவிலிருந்து இன்னும் யாராவது இறங்குகிறார்களா என்று.

"தனியாவா வந்திருக்கீங்க?"

"ஆமாண்ணே."

"ஃபேமிலிக்கு மட்டும்தாம்மா தர்றது."

இரண்டாவது லாட்ஜில் "ரூம் இல்லம்மா, ஃபுல்லு" என்றார்கள். நான் படியில் நின்று ஆட்டோவுக்குப் போன் பண்ணிக்கொண்டிருக்கும்போதே, தோளில் கறுப்புப் பையோடு ஒருத்தர் உள்ளே போனார். அவருக்குச் சாவி கிடைத்தது. அவரிடம் யாரும் பொண்டாட்டி எங்கே என்று கேட்கவில்லை.

இது எந்த ஊரில் என்று யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு ஆழ்வார்களில் ஒரே பெண் பிறந்த ஊர் இது. மனுஷனைக் கட்டமாட்டேன் என்று சொன்னவள், தன் ஆசையைத் தன் வாயாலேயே 143 பாசுரங்களில் நாச்சியார் திருமொழியாகப் பாடினவள். பதினோரு நிலைக் கோபுரம் வைத்து, தேர் கட்டி அவளைக் கொண்டாடுகிறோம். அரசு முத்திரையில் இருக்கும் கோபுரம் எங்களுடையதுதான் என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். அதே ஊரில் ஒரு பெண் ஒற்றைப் பையோடு வந்து நின்றால், கவுன்ட்டரில் இருப்பவருக்கு வேர்த்துவிடுகிறது.

அவர்கள் தரப்பையும் கேட்டிருக்கிறேன். உறவுக்காரர் ஒருத்தர் லாட்ஜில் மேனேஜராக இருந்தவர். "தனியா வர்ற பொம்பளப் புள்ள ரூமுக்குள்ள ஏதாச்சும் பண்ணிக்கிட்டா போலீசுக்கு யாரு பதில் சொல்றது?" என்பார். பயம் பொய்யில்லை. கணக்குதான் பொய். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2021-இல் பதிவுசெய்த தற்கொலைகள் 1,64,033. அதில் 1,18,979 பேர் ஆண்கள். இந்தப் பயம் உண்மையானால், முதலில் திருப்பி அனுப்ப வேண்டியது கறுப்புப் பைக்காரரைத்தான். அவரையும் அனுப்ப வேண்டாம். காசு கொடுத்து அடையாள அட்டை காட்டுகிறவருக்குச் சாவி கொடுங்கள், அவ்வளவுதானே தொழில்?

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 15-வது பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்பதற்காக மட்டும் யாரையும் கடைக்குள்ளோ ஹோட்டலுக்குள்ளோ விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. ஹோட்டல் என்ற வார்த்தையே அதில் இருக்கிறது. சத்திரத்துக்குச் சத்திரம் சாதிப் பெயர் எழுதிவைத்த நாட்டில், அந்த வார்த்தை சும்மா வந்து உட்கார்ந்ததில்லை. 1950 ஜனவரி 26-இல் அது அமலுக்கு வந்தபோது சென்னை மாகாணத்தை ஆண்டவர் ராஜபாளையத்துக்காரர், பி.எஸ். குமாரசாமி ராஜா. தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்காக ஊருக்குக் கொடுத்தவர்.

கோயம்புத்தூரில் கல்யாணமாகாத ஜோடி தங்கியதைக் காரணம் காட்டி ஒரு விடுதிக்குச் சீல் வைத்தார்கள். அந்த வழக்கில் 2019 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், அப்படித் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சொன்னது. ஐந்து வருடம் கழித்து, 2025 ஜனவரியில், ஓயோ நிறுவனம் மீரட்டில் தொடங்கி, அந்த மாதிரி ஜோடிகளுக்கு ரூம் மறுக்கும் உரிமையைத் தன் கூட்டாளி ஹோட்டல்களுக்குக் கொடுத்தது. முன்னால் போகிறோமா பின்னால் போகிறோமா என்று தெரியாத நிலைமை.

எனக்குக் கோபம் லாட்ஜ்காரர்கள் மேல் பாதிதான். மீதி நம் மேல். பயணக் குறிப்பு எழுதுகிறோம், ரீல்ஸ் போடுகிறோம், இட்லி பஞ்சு மாதிரி இருந்தது என்று ஐந்து ஸ்டார் கொடுக்கிறோம். செண்பகத்தோப்பில் நரைத்த அணில் பார்த்ததை நாலு பக்கம் எழுதுகிறோம். இந்த ஹோட்டலில் யாருக்கு ரூம் கொடுக்க மாட்டார்கள் என்று மட்டும் ஒருத்தரும் எழுதுவதில்லை. பெயரைப் பார்த்ததும் "இப்பத்தான் புக் ஆச்சு சார்" என்று கேட்டுத் திரும்பிய முஸ்லிம் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊஞ்சல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

மூன்றாவதாக, பஸ் ஏறி ராஜபாளையம் போய் ஒரு பழைய லாட்ஜில் கேட்டேன். கவுன்ட்டரில் ஒரு பெரியவர். ஆதாரை வாங்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கி, நோட்டில் எழுதினார். "வெந்நி ஆறுலருந்து எட்டு வரைக்குந்தான்மா. லேட்டாக்கிராதீங்க" என்றார். வேறு ஒரு கேள்வியும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். பிளாஸ்டிக் வாளி, மக்கு, போர்வையில் லாட்ஜ் பெயர் முத்திரை. காலை ஏழு மணிக்குப் போனதால் மறுநாள் காலை ஏழு மணி வரை ரூம் என்னுடையது. இருபத்துநாலு மணி நேரக் கணக்கு. அழகான ஹோட்டல்களில் பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் கதவைத் தட்டிவிடுவார்கள். கதவைத் தாழ் போட்டுவிட்டு நான் தூங்கிய தூக்கம் இருக்கிறதே!

தோழிக்கு அந்த லாட்ஜ் நம்பரை அனுப்பினேன். கூடவே, எந்த ஹோட்டலாக இருந்தாலும் ரேட்டைக் கேட்கும் முன்னால் "ஒரு லேடி தனியா வந்தா ரூம் உண்டா?" என்று கேள், பதில் வர எத்தனை விநாடி ஆகிறது என்று பார், என்றும் எழுதினேன். அந்த லாட்ஜுக்கு இணையத்தில் மூணு ஸ்டாருக்குக் கொஞ்சம் மேலே. வெந்நீர் வரவில்லை, ஜன்னல் சரியில்லை, டிவி ஓடவில்லை என்று வரிசையாகப் புகார். கீழே நானும் ஒன்று எழுதியிருக்கிறேன்: தனியாக வந்தேன், ரூம் கொடுத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை.