ஜனரஞ்சகம் என்னும் அச்சம்

கலைஞன் ஒருவன் பலருக்கும் உரியவனாகும்போது, அவனை முதலிற் கண்டெடுத்த சிலர் மனங்கலங்குகின்றனர். இனி அவன் சந்தை கேட்பதையே பாடுவான் என்பது அவர்தம் அச்சம். இலக்கிய உலகிற் பழகிப்போன இவ்வச்சம், ஹிப் ஹொப் எனப்படும் சொல்லிசை உலகிலும் ஓயாது ஒலிக்கிறது. இதில் உண்மை எவ்வளவு என்பதை அறிய, சிக்காகோ நகரத்துக் கலைஞரான சான்ஸ் த றப்பரின் வரலாறு நல்லதோர் உரைகல் என்று கருதுகிறேன். 2025 ஓகஸ்ட் மாதம் ‘ஸ்ரார் லைன்’ என்னும் தொகுப்பை அவர் வெளியிட்டதும் இதனை மீண்டும் எண்ணிப்பார்க்கத் தூண்டியது.

சான்ஸ் பெரிய இசைக் கம்பனி எதனிடமும் தம்மை ஒப்படையாது வளர்ந்தவர். அவரை உருவாக்கிய இடங்களுள் ஒன்று பொது நூலகம் என்பது ஆசிரியர்கள் கருத்திற் கொள்ளத்தக்கது. ஹறோல்ட் வோஷிங்ரன் நூலகத்தில் இளைஞர்க்கென அமைந்த பகுதியின் திறந்த மேடையிலே, மாணவராயிருந்தபோதே அவர் தம் பாட்டுகளை அரங்கேற்றினார். பள்ளியிலிருந்து பத்து நாட்கள் இடைநிறுத்தப்பட்ட அனுபவத்திலிருந்து பிறந்த ‘10 டே’ 2012இலும், ‘அசிட் றப்’ 2013இலும் இணையத்தில் விலையின்றி வெளிவந்தன. எதனையும் விற்காமலே ரசிகர் கூட்டம் சேர்ந்தது.

2016 மே மாதம் வெளிவந்த ‘கலறிங் புக்’ கடைக்கு வரவில்லை. இணையவழி கேட்பதற்கு மட்டுமே கிடைத்தது. அத்தகைய வெளியீடுகளுக்கும் இடமளிக்குமாறு கிரமி விருதின் விதிகள் அவ்வாண்டில் மாற்றப்பட்டன. 2017 பெப்ரவரியில், சிறந்த றப் தொகுப்புக்கான விருது உட்பட மூன்று விருதுகள் சான்ஸுக்குக் கிடைத்தன.

அடுத்த மாதமே சலசலப்பு எழுந்தது. அத்தொகுப்பை முதலிரு வாரங்கள் தன்னிடம் மட்டும் வைத்திருப்பதற்காக அப்பிள் நிறுவனம் 5 இலட்சம் டொலர் தந்ததென்பதை அவரே வெளியிட்டார். ‘இதுவோ சுதந்திரம்?’ என்று பலர் வினவினர். எனக்கு இதிற் பெருங்குற்றந் தோன்றவில்லை. உழைப்புக்குக் கூலி பெறுவது அடிமைத்தனம் ஆகாது. அதே மாதம் சிக்காகோ நகரின் பொதுப் பள்ளிகளுக்குப் 10 இலட்சம் டொலர் வழங்குவதாக அவர் அறிவித்ததையும் நாம் மறத்தலாகாது.

என்னை உறுத்துவது வேறொரு நிகழ்ச்சி. அவருடைய 2016ஆம் ஆண்டு இசைப் பயணத்தைக் குறைகூறி எம்.ரி.வி. செய்தித்தளம் ஒரு விமர்சனத்தைப் பிரசுரித்தது. அவர் தரப்பினர் ஆட்சேபித்த பின்னர் அக்கட்டுரை நீக்கப்பட்டது. கட்டுரை தம்மைப் புண்படுத்தியதெனத் தாம் முறையிட்டதை அவருடைய மேலாளரே 2017இல் உறுதிப்படுத்தினார். நூலக மேடையிற் பாடிய மாணவன் முறையிட்டிருந்தால் எந்தப் பத்திரிகை செவிசாய்த்திருக்கும்? கலைஞனின் பின்னே திரண்ட கூட்டமே அம்முறையீட்டுக்கு வலுவூட்டியது.

எனவே ஜனரஞ்சகம் பற்றிய அச்சம் பொய்யன்று. ஆனால் அஞ்சவேண்டிய இடம் வேறு. சந்தை கலைஞனை வாங்கிவிடும் என்று அஞ்சுகிறோம். சந்தையின் பலம் தன் கைக்கு வந்தபோது கலைஞனே பிறர் வாயை அடைக்கத் துணிதல் அதனினும் கொடிது. தன் குரலுக்குச் சுதந்திரம் வேண்டுபவன் விமர்சகனின் குரலுக்கும் அதனை வழங்கக் கடமைப்பட்டவன். 2019இல் வந்த ‘த பிக் டே’ தொகுப்பை விமர்சகர் பலர் கடுமையாகச் சாடினர். அக்குரல்களை எவராலும் அகற்ற முடியவில்லை. அதன்பின் ஆறாண்டுகள் கழித்தே ‘ஸ்ரார் லைன்’ வந்தது.

நமது இலக்கிய வட்டங்கள் சிறியவை; இங்கே இலட்சக்கணக்கான டொலரும் இல்லை, பெருங்கூட்டமும் இல்லை. ஆயினும் வெளியீட்டு விழாவிற் குறை சொன்னவரை அடுத்த விழாவுக்கு அழையாது விடும் வழக்கம் நம்மிடமும் உண்டு. சந்தைக்கு விலைபோகவில்லை என்று பெருமை கொள்ளும் எழுத்தாளர், தம் நூலைப் பற்றிய கடுமையான கட்டுரையொன்றைப் பொறுமையோடு படித்து முடிக்கட்டும். அவருடைய சுதந்திரத்தை அதன்பின் நான் மனமார நம்புவேன்.