யந்திரம் கைவிடும் வேளை

1914 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பாரிஸ் நகருக்கு அணித்தாக, சேன் நதியின் மேலே லோரன்ஸ் ஸ்பெரி என்னும் அமெரிக்க இளைஞர் ஒரு விந்தையை நிகழ்த்திக் காட்டினார். தாம் செலுத்தி வந்த விமானத்தின் பிடியை விட்டு இரு கரங்களையும் மேலே உயர்த்தினார். உடன் சென்ற துணைவர் இருக்கையை விட்டெழுந்து சிறகின்மேல் நடந்தார். விமானமோ சரியவில்லை. சுழலும் சக்கரங்களால் அமைந்த ஒரு சிறு கருவி அதனைச் சமநிலையில் நிறுத்தியது. கரையில் நின்றோர் வியந்து ஆரவாரித்தனர்.

அன்று விந்தையாய் இருந்தது இன்று வழக்கமாகிவிட்டது. நெடுந்தூரம் செல்லும் பயணி விமானம், நிலத்தை விட்டெழுந்த சில நிமிடங்களில் தன்னியக்கக் கருவியிடம் ஒப்படைக்கப்படுகிறது. இறங்கும் வேளை நெருங்கும் வரையில் விமானியின் கைக்குப் பெரும்பாலும் வேலையில்லை. ஒரு காலத்தில் சமுத்திரங்களைக் கடக்கும் விமானங்களில் விமானிகள் இருவரோடு திசையறிவோன், வானொலியாளன், பொறியியலாளன் என மேலும் மூவர் இருந்தனர். கருவிகள் வளர வளர அம்மூவரும் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினர். இப்பொழுது எஞ்சியிருக்கும் இருவரில் ஒருவரையும் குறைக்கலாகாதா என்ற வினா எழுந்துள்ளது. விமானம் உயரத்தில் அமைதியாகச் செல்லும் நேரத்தில் ஒருவர் மட்டும் ஆசனத்தில் இருக்க, மற்றவர் உறங்கி ஓய்வு கொள்ளலாம் என்பது யோசனை. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு நிறுவனம் இதனை ஆராய்ந்து, இருவர் இருக்கும் முறைக்கு ஈடான பாதுகாப்பு இதனால் கிட்டும் என்று இன்றைய நிலையில் நிறுவ இயலவில்லை என 2025 ஆம் ஆண்டில் முடிவு கூறிற்று. எனினும் யோசனை மடிந்துவிடவில்லை. சம்பளச் செலவைக் குறைக்கும் எந்த யோசனையும் எளிதில் மடிவதில்லை.

உயரத்தில் அமைதியாகச் செல்லும் நேரம் உண்மையில் ஆபத்தற்றதுதானா? 2009 ஆம் ஆண்டு ஜூன் 1 ஆம் திகதி நிகழ்ந்ததை நினைவுகூர்தல் தகும். றியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற எயர் பிரான்ஸ் விமானம், அத்திலாந்திக் சமுத்திரத்தின்மேல் 35,000 அடி உயரத்தில் நள்ளிரவு கடந்து பறந்துகொண்டிருந்தது. தலைமை விமானி ஓய்வறைக்குச் சென்றிருந்தார். துணை விமானிகள் இருவர் ஆசனங்களில் இருந்தனர். காற்றின் அமுக்கத்தைக் கொண்டு வேகத்தை அளக்கும் சிறு குழாய்களிற் பனித்துகள்கள் அடைத்துக்கொண்டன. அளவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. எதை நம்புவது என்று அறியாத தன்னியக்கக் கருவி, எச்சரிக்கை ஒலியை எழுப்பிவிட்டுத் தன் பொறுப்பைக் கைவிட்டது. அந்தக் கணத்தில் விமானத்துக்கு வேறு பழுது எதுவுமில்லை. ஏறாமலும் இறங்காமலும், இருந்தவாறே அதனை வைத்திருந்தாற் போதும். ஒரு நிமிடத்துள் அளவுகளும் சீராகிவிட்டன. ஆனால், திடீரெனப் பிடி கைக்கு வந்த துணை விமானி அதைப் பின்னே இழுத்தார். விமானம் ஏறத்தாழ 38,000 அடி வரை ஏறி, வேகம் குன்றிச் சிறகுகள் காற்றின் தாங்கலை இழக்க, வீழத் தொடங்கியது. மூக்கைத் தாழ்த்தினால் தாங்கல் மீளும் என்பது விமானம் பழகும் மாணவனுக்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் பாடம். அவரோ பெரும்பாலும் இறுதிவரை இழுத்தவாறே இருந்தார். தன்னியக்கக் கருவி விலகிய நான்கரை நிமிடங்களுக்குள் 228 உயிர்களும் சமுத்திரத்துள் மறைந்தன.

அவர் ஒருவரைப் பழித்துவிட்டு அப்பாற் செல்வது எளிது, நியாயமன்று. தாங்கல் இழந்தமையை அறிவிக்கும் எச்சரிக்கை ஒலி, அளக்கப்படும் வேகம் மிகவும் குறைந்தபோது அடங்கிவிடுமாறு அமைக்கப்பட்டிருந்தது. ஆதலால் மூக்கைத் தாழ்த்தியபோது ஒலி மீண்டும் எழுந்தது, உயர்த்தியபோது அடங்கியது. சரியானதைச் செய்தால் கண்டிப்பும் தவறானதைச் செய்தால் மௌனமும்! இருவர் பிடிகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. ஒருவர் இழுப்பதை மற்றவர் தம் கையால் உணர இயலாது. அதிக உயரத்தில் விமானத்தைக் கையாற் செலுத்தும் பயிற்சி அவர்களுக்கு அளிக்கப்பட்டிருக்கவில்லை என்பதைப் பிரெஞ்சு விசாரணையாளர் 2012 ஆம் ஆண்டு அறிக்கையிற் சுட்டிக் காட்டினர். பழகாத கையிடம், இருளில், முன்னறிவிப்பின்றி விமானம் ஒப்படைக்கப்பட்டது என்பதே உண்மை.

இந்த முரண்பாட்டைப் பெயின்பிரிட்ஜ் என்னும் உளவியலறிஞர் 1983 ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டியிருந்தார். எளிய வேலைகளையெல்லாம் யந்திரம் எடுத்துக்கொள்கிறது. அதனால் இயலாத கடினமான வேலை மட்டும் மனிதனுக்கு எஞ்சுகிறது. அக்கடின வேலையைச் செய்யும் திறனோ எளிய வேலைகளை நாள்தோறும் செய்வதனாலன்றி வேறெவ்வாறும் வளராது. யந்திரம் எவ்வளவு நம்பத்தக்கதாகிறதோ, அவ்வளவுக்கு அதனைக் கண்காணிப்பவனின் கை துருப்பிடிக்கிறது.

அவ்வாறாயின் யந்திரத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? அதுவும் பேதைமையே. களைத்த மனிதனின் கையினும் களையாத கருவி நெடும்பயணத்திற் சீராக இயங்கும்; விமானப் பயணம் இன்று அடைந்துள்ள பாதுகாப்பில் அதற்குப் பெரும் பங்குண்டு. 2009 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் திகதி நியூயோர்க்கில் நிகழ்ந்தது இரண்டின் நட்புக்கும் சான்று. வாத்துக் கூட்டம் மோதி இரு யந்திரங்களும் வலுவிழந்த விமானத்தைச் செஸ்லி சலன்பேர்கர் என்னும் தலைமை விமானி ஹட்சன் ஆற்றில் இறக்கினார். மோதலிலிருந்து நீரைத் தொடும் வரை இருந்த அவகாசம் மூன்றரை நிமிடம். விமான நிலையத்துக்குத் திரும்ப இயலாது, ஆறே கதி என்ற தீர்ப்பு எந்தக் கணினியும் அளித்ததன்று, அது அவருடையது. நியமப் பட்டியலிற் பின்னே வரும் துணை மின்பொறியை முதலிலேயே இயக்கியதும் அவருடைய மதியூகமே. அந்த மின்விசை இருந்தமையால், விமானம் தாங்கல் இழந்துவிடாது காக்கும் கணினியும் இறுதிவரை உடன் உழைத்தது. 155 பேரும் பிழைத்தனர். மனிதன் எசமானனாகவும் யந்திரம் துணைவனாகவும் நின்ற வேளை அது.

இதற்கு நேர்மாறான நிலையை போயிங் 737 மக்ஸ் விமானங்களிற் கண்டோம். மூக்கைத் தாமாகவே தாழ்த்தும் ஒரு முறையை அவற்றில் அமைத்தவர்கள், அதனை ஒரேயோர் உணர்கருவியின் சொல்லுக்குக் கட்டுப்பட வைத்தனர். விமானிகளின் கைநூலில் அதைக் குறிப்பிடவுமில்லை. 2018 ஒக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேரும், 2019 மார்ச்சில் எதியோப்பியாவில் 157 பேரும் மாண்டனர். இந்தோனேசியத் தலைமை விமானி இருபது தடவைக்கு மேல் மூக்கை மீண்டும் உயர்த்தினார். தம்மோடு போராடுவது எது என்பதை அறியாமலே போராடினார். எதியோப்பிய விமானிகள் அம்முறைக்குச் செல்லும் மின்விசையைத் துண்டித்தும் பார்த்தனர். அதிவேகத்திற் கையால் அதனைச் சரிசெய்ய இயலாது போயிற்று. விமானிகளின் திறமைக் குறைவே காரணம் என்று அப்போது சிலர் கூறினர். மறைத்து வைத்த ஒன்றை எதிர்க்கும் திறமையை எவரிடம் எதிர்பார்ப்பது?

ஆதலின் இவ்விவாதத்தை மனிதனா யந்திரமா என்று வகுப்பது பிழை. இறுதிப் பொறுப்பை யாரிடம் வைத்திருக்கிறோமோ, அவருக்கு அதனைத் தாங்கும் வலிமையைக் கொடுத்திருக்கிறோமா என்பதே கேள்வி. விபத்து நேர்ந்தால் விமானியே பொறுப்பு என்கிறோம். அவ்வாறாயின் அவர் கைக்கு நாள்தோறும் வேலை கொடுத்தல் வேண்டும். யந்திரத்தின் உள்ளியல்பு முழுவதையும் அவருக்கு உரைத்தல் வேண்டும். தடுமாறும் கணத்தில் அவரைத் திருத்த அருகே ஒருவர் விழித்திருத்தல் வேண்டும். வாய்ப்புக் கிட்டும்போது கையாற் செலுத்துவதை ஊக்குவிக்குமாறு அமெரிக்க விமானத்துறை ஆணையம் 2013 ஆம் ஆண்டில் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது இவ்வுண்மையை உணர்ந்தே. அத்திலாந்திக்கில் இருவர் இருந்தும் விமானம் காக்கப்படவில்லையே என்பர் சிலர். இருவர் இருந்தும் போதாத இரவு, ஒருவர் போதும் என்பதற்குச் சான்றாகாது. இருவரும் பழகியவர்களாக இருத்தல் வேண்டும் என்பதற்கே சான்றாகும்.

ஸ்பெரி அன்று கைகளை உயர்த்தியபோது பார்த்தவர்கள் கருவியைக் கண்டு வியந்தனர். அவர் எக்கணமும் அக்கைகளை மீண்டும் பிடியில் வைத்து விமானத்தைச் செலுத்த வல்லவராயிருந்தார் என்பதை எவரும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். அவ்வன்மை உள்ளவனுக்கே கைகளை எடுக்கும் உரிமை உண்டு.