குழாய் போகும் வழி



கடந்த வருடம் ஊரில் எனக்குத் தெரிந்த ஹாஜியார் ஒருவர் வீட்டைத் திருத்தினார். வரவேற்பறையை ஒட்டியிருந்த மலசலகூடத்தை வீட்டின் பின் மூலைக்கு மாற்ற நினைத்தார். விருந்தினர் வந்தால் வெட்கமாக இருக்கிறது என்பது அவரது காரணம். அது நல்ல எண்ணம்தான். கொமட் பதிக்கும் முன் என்னை அழைத்து, "மௌலவி, கிப்லாவுக்குப் படாமல் எந்தப் பக்கம் வைக்க?" என்று கேட்டார்.

மலசலம் கழிக்கும்போது கிப்லாவை முன்னோக்கவும் வேண்டாம், பின்னோக்கவும் வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தியை அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நமது ஷாபிஈ மத்ஹபில் அந்தத் தடை திறந்த வெளிக்கு உரியது. அதற்கென்றே கட்டப்பட்ட மலசலகூடத்தினுள் அது ஹராமாகாது. ஆயினும் புதிதாகக் கட்டும்போது திருப்பி வைப்பதே சிறப்பு. நமது நாட்டிலிருந்து கிப்லா நேர் மேற்கல்ல. மேற்கிலிருந்து சுமார் 23 முதல் 25 பாகை வடக்கே சாய்ந்தது. இதையெல்லாம் விளக்கி, கொமட்டை வடகிழக்கு நோக்கி வைக்கச் சொல்லிவிட்டு, தேநீர் குடித்து வந்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து, அவரது வீட்டுக்குப் பின்வளவில் இருக்கும் ஒரு ராத்தா என்னிடம் வந்தார். கணவர் மௌத்தாகிவிட்டார், மகளுடனும் பேத்தியுடனும் இருக்கிறார். "மௌலவி, எங்கட கிணத்துத் தண்ணியில ஒரு வாடை வருது. வுழூச் செய்யக் கூடுமா?" என்றார். பேத்திக்கு இரண்டு முறை வயிற்றோட்டம் வந்ததாகவும் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். மதிலுக்கு இந்தப் பக்கம் கிணறு. அந்தப் பக்கம் ஹாஜியாரின் புது மலக்குழி. இடையில் 12 அடிதான் இருக்கும்.

நடந்தது இதுதான். பழைய குழி முன் முற்றத்தில், பாதையோரமாக இருந்தது. பின் மூலையிலிருந்து அதுவரை 40 அடி. மலக்குழாய்க்கு 10 அடிக்கு 3 அங்குலம் என்ற கணக்கில் சரிவு வேண்டும். 40 அடிக்கு 12 அங்குலம். குழியின் வாயை உயர்த்த முடியாது; ஆகவே மலசலகூடத்தின் தரையை ஓர் அடி உயர்த்த வேண்டும். மேசன், "அது வீண் செலவு, பக்கத்திலேயே ஒரு குழி வெட்டுவோம்" என்றிருக்கிறார். அடி பூசாத குழி. நமது கரையோர ஊர்களோ மணல் பூமி. சில அடியிலேயே தண்ணீர் ஊறும். குழியில் விழுவது நேரே அந்தத் தண்ணீரில் கலக்கும்.

ராத்தாவின் கேள்விக்குப் பதில் எளிது. இரண்டு குல்லத்துக்கு மேற்பட்ட தண்ணீரில் நஜீஸ் கலந்தால், நிறம், சுவை, வாடை மூன்றில் ஒன்று மாறும்வரை அது சுத்தமானதே. மாறிவிட்டால் நஜீஸ். இங்கே வாடை மாறிவிட்டது, ஆகவே கூடாது. ஆனால் வாடை வருவதற்கு முந்திய மாதங்களை நினைத்துப் பாருங்கள். அப்போது சட்டப்படி வுழூவுக்குக் கூடும் தண்ணீர்தான் அது. நோய்க் கிருமிக்கு நிறமுமில்லை, வாடையுமில்லை. வுழூவுக்குக் கூடும் தண்ணீரெல்லாம் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கக்கூடிய தண்ணீராகிவிடாது.

ஹாஜியாரிடம் போனேன். "என்ட வளவுக்குள்ளதானே மௌலவி வெட்டினேன்" என்றார்.

"குழி உங்கட வளவுக்குள்ளதான். அதிலிருந்து ஊறுற தண்ணிக்கு மதில் தெரியாது, ஹாஜியார்" என்றேன்.

தீங்கு செய்வதும் இல்லை, பதிலுக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்ற நபிமொழியை நினைவூட்டினேன். மக்கள் தண்ணீர் எடுக்கும் இடத்தில் மலம் கழிப்பதைச் சாபத்துக்குரிய காரியமாக நபியவர்கள் எச்சரித்ததையும் சொன்னேன். அவர் வீட்டில் குழாய்நீர் இருக்கிறது. ராத்தாவுக்குக் கிணறு ஒன்றுதான். அவரைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றேன். ராத்தா குறை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாளி தண்ணீர் அள்ளி வைத்தார். ஹாஜியார் குனிந்து முகர்ந்தார். அடுத்த கிழமையே மேசனை அழைத்தார்.

தரையை ஓர் அடி உயர்த்தி இரண்டு படி வைத்தார்கள். 4 அங்குலக் குழாய் பழைய குழிக்கே போனது. திரும்பும் இடத்தில் ஒரே 90 பாகை எல்போ போடாமல், இரண்டு 45 பாகை எல்போ போட்டு, திறந்து பார்க்க ஒரு சிறு தொட்டியும் கட்டினார்கள். காற்றுக்குழாயைக் கூரைக்கு மேல் உயர்த்தினார்கள். புதுக் குழியை பவுசரால் உறிஞ்சியெடுத்து மூடினார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டார்கள். செலவெல்லாம் ஹாஜியாருடையது. தண்ணீர் சரியாகும்வரை தன் வீட்டுக் குழாயிலிருந்து மதிலுக்கு மேலால் ஒரு ஹோஸ் போட்டுக் கொடுத்தார்.

மலசலகூடத்தை இடம் மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டைல்ஸ் வாங்குவதற்கு முன் குழி எங்கே, குழாய் எந்த வழியால் போகும், சரிவு போதுமா என்று பாருங்கள். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடியாவது இருக்கட்டும். மணல் பூமியில் இன்னும் தள்ளியிருப்பது நல்லது. உங்கள் கிணற்றை மட்டும் அளக்காதீர்கள். மதிலுக்கு அப்பால் இருப்பதையும் சேர்த்து அளவுங்கள்.

இதில் என் பங்கும் உண்டு. அன்று கிப்லாவைக் காட்டிய நான், குழாய் எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பேத்தி தப்பியிருக்கக்கூடும். இப்போது யார் கிப்லா கேட்டு வந்தாலும் நான் முதலில் குழியைத்தான் பார்க்கிறேன்.

அண்டை வீட்டார் நம்மால் அச்சமின்றி வாழும் பாக்கியத்தை அல்லாஹுத் தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.