சந்தேகம் சட்டமாகட்டும்

தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினரின் மாத ஊதியம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது 2017 ஜூலையில். அதே சமயத்தில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் கடன் தள்ளுபடி கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். ‘நமக்கு வறட்சி நிவாரணம் கிடையாது, அவங்களுக்குச் சம்பளம் ரெட்டிப்பா?’ என்று உத்திரமேரூர் வட்டாரத்து டீக்கடைகளில் அன்று எழுந்த கோபத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோபம் தவறான கதவைத் தட்டியது. கையெழுத்துப் போட்டு வாங்கும் சம்பளத்தை வைத்து அரசியல்வாதியை அளப்பதில் பயனில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,05,000 என்றால் ஐந்து ஆண்டுக்கு 63 லட்சம். சட்டமன்ற வேட்பாளர் செலவு செய்ய 2022-ல் தேர்தல் ஆணையம் வைத்த உச்சவரம்பு 40 லட்சம். இரண்டரை லட்சம் வாக்காளர்கள் உள்ள ஒரு கிராமப்புறத் தொகுதியில் பாதிப் பேருக்கு மட்டும், தலைக்கு ஒரு 500 ரூபாய் நோட்டு போகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 கோடியே 25 லட்சம் ஆகிறது. பூத் செலவு, வண்டி, கொடி, கூட்டத்துக்கு ஆள், பிரியாணி எதுவும் இதில் சேரவில்லை. சட்டம் அனுமதித்ததைப்போல் பதினைந்து மடங்கு. ஐந்தாண்டுச் சம்பளத்தைப்போல் பத்து மடங்கு. இப்படிப் பணம் போடுகிறவர் சம்பளத்தை நம்பியா போடுகிறார்? போட்டதை எடுக்கும் இடம் வேறு. கல்குவாரி அனுமதி, ஏரி மண், ஒப்பந்த வேலையில் கமிஷன், கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைக்கு இவ்வளவு என்று பிடித்தம்: இவையெல்லாம் கிராமத்தார் வாய்விட்டுச் சொல்லும் பழைய புகார்கள்.

ஊராட்சி மட்டத்தில் இந்தக் கணக்கு இன்னும் அப்பட்டம். கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்சத்துக்கு ஏலம் போனதாக 2019 டிசம்பரில் செய்தி வந்தது. அன்றைக்குத் தலைவருக்கு மாத மதிப்பூதியம் 1,000 ரூபாய். ஐந்து வருடத்துக்கும் சேர்த்து 60,000. ‘ஏலப் பணம் கோயிலுக்குத்தானே போகிறது’ என்று இத்தகைய ஏலங்களுக்கு ஊரார் சமாதானம் சொல்வதுண்டு. சாமிக்குப் போகிறது சரி, ஏலம் எடுத்தவருக்கு அது எப்படித் திரும்பி வருகிறது?

இதையெல்லாம் அறியாத அப்பாவிகள் அல்ல நம் மக்கள். எல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் ‘எவன் வந்தாலும் இப்படித்தான்’ என்கிறார்கள். இந்த அலுப்பைத் தெளிவு என்று சிலர் மெச்சுகிறார்கள். நம் கருத்து வேறு. பணம் கொடுத்துத் தேர்தலை நடத்துகிறவருக்கு இந்த அலுப்பைவிட வசதியான துணை வேறில்லை. எல்லாரும் திருடர் என்றாகிவிட்டால் குறைந்த திருடனைத் தேட வேண்டியதில்லை. கணக்குக் கேட்கவும் வேண்டியதில்லை. மிச்சம் இருப்பது, ‘நம்ம காசுதானே நமக்கே வருது’ என்று கவரை வாங்கிக்கொள்வது மட்டும். நாற்று நடப்போகும் ஒரு தாய் அந்த 500 ரூபாயை வாங்கினாள் என்று அவளுக்கு ஒழுக்கப் பாடம் எடுக்க இந்தத் தலையங்கம் வரவில்லை. கவரின் மறுமுனையைப் பிடித்திருப்பவரைத்தான் பார்க்க வேண்டும்.

அரசியல்வாதியைச் சந்தேகப்படுவதில் உத்திரமேரூருக்கு ஆயிரத்து நூறு ஆண்டுப் பழக்கம் உண்டு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் எடுக்கும் குடவோலை முறையின் விதிகளைச் சொல்பவை அவை. ஒன்று கி.பி. 919, மற்றது 921. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இவ்வூரைக் குறிப்பிட்டார். அதன் பிறகு மேடைதோறும் ‘உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்த ஊர்’ என்ற பேச்சு. பேசுகிறவர்கள் கல்வெட்டு சொல்வதைக் கொஞ்சம் படித்திருந்தால், மேடையில் அதன் பெயரை எடுக்கவே தயங்கியிருப்பார்கள்.

குடவோலை என்பது வாக்குப்பதிவு அல்ல, குலுக்கல். ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலும் தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். வேட்பாளர் இல்லை, பிரசாரம் இல்லை, ஆகவே பிரசாரச் செலவும் இல்லை. யாருக்குப் பணம் கொடுப்பது? குடத்துக்கா? பதவி 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: எந்த வாரியத்திலாவது இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் இனித் தகுதியற்றவர். அவர் மட்டுமல்ல; அவருடைய தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன், சித்தி பெரியம்மா மக்கள், அத்தை மாமன் மக்கள் வரை பட்டியல் போட்டு விலக்கியிருக்கிறார்கள். (இந்த ஒரு விதியை இன்று நம் கட்சிகளுக்கு வைத்தால் எத்தனை நாற்காலி காலியாகும் என்பதை வாசகர் கணிப்புக்கே விடுகிறோம்.)

இதைப் பொற்காலம் என்று கொண்டாட நாம் தயாரில்லை. அது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். பொதுவாகக் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ள ஆண்கள் மட்டுமே ஓலையில் ஏறினார்கள். ஏரியை வெட்டியவரும் வயலில் இறங்கியவரும் பெண்களும் கணக்கிலேயே இல்லை. சொத்துள்ளவர்தான் ஆளலாம் என்பது அன்று எழுதிவைத்த விதி. இன்று எழுதாத விதி. 2003-க்குப் பிறகு வேட்பாளர்கள் தாக்கல் செய்துவரும் சொத்துப் பிரமாணப் பத்திரங்களைப் புரட்டினால், கட்சி வேறுபாடு இல்லாமல் கோடீஸ்வரர்கள் வரிசைகட்டி நிற்கிறார்கள். கால் வேலிக்காரர் இன்று சட்டமன்றச் சீட்டுக் கேட்டுப் போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கல்வெட்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. அவர்கள் யாரையும் நல்லவர் என்று நம்பிவிடவில்லை. எல்லாரும் ஒன்றுதான் என்று திண்ணையில் சாய்ந்துகொள்ளவும் இல்லை. சந்தேகத்தை எடுத்து விதியாக எழுதினார்கள். 919-ல் எழுதிய விதியில் ஓட்டை தெரிந்ததும் இரண்டே ஆண்டில், தீயவர் கெட்டு நல்லவர் தழைக்கவே இந்தத் திருத்தம் என்று காரணமும் சொல்லி மாற்றினார்கள். வயது வரம்பு முப்பதிலிருந்து அறுபது என்று இருந்தது, முப்பத்தைந்திலிருந்து எழுபது ஆனது. தகுதி நீக்கப் பட்டியல் நீண்டது.

நம் ஓட்டையின் வயது என்ன? 1974 அக்டோபரில், டெல்லி சதர் தொகுதி வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் வேட்பாளர் செலவே என்று தீர்ப்பளித்தது. அந்த மாதமே இந்திரா காந்தி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து தீர்ப்பைச் செல்லாததாக்கியது. அரை நூற்றாண்டு ஆகிறது. வேட்பாளருக்கு வரம்பு உண்டு, கட்சிக்கு வரம்பே இல்லை. 1974-க்குப் பின் எத்தனையோ ஆட்சிகள் மாறின. இந்த ஓட்டையை முழுதாக அடைக்க ஒருவருக்கும் கை வரவில்லை. 2013-ல் மகாராஷ்டிரத் தலைவர் கோபிநாத் முண்டே, 2009 தேர்தலில் தாம் எட்டுக் கோடி செலவழித்ததாக மேடையிலேயே சொன்னார். அப்போது வரம்பு 25 லட்சம். பின்னர் அது பேச்சுவாக்கில் சொன்னது என்று ஆணையத்துக்குப் பதில் போனது. அத்தோடு முடிந்தது.

கட்சிக்கு வரும் பணத்தின் கதை இன்னும் சுவாரசியம். பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது வெளியே வந்தது. நாட்டிலேயே அதிகம் பத்திரம் வாங்கியது கோவையைச் சேர்ந்த ஒரு லாட்டரி நிறுவனம், 1,368 கோடிக்கு. அதில் தி.மு.க.வுக்கு வந்தது 509 கோடி. அக்கட்சியே அதை வெளியிட்டது. பெருமளவு திரிணமூல் காங்கிரசுக்கும் போனது. எல்லா நிறுவனங்களின் பத்திரங்களிலும் சேர்த்து மிக அதிகமாகப் பெற்றது பா.ஜ.க. லாட்டரிச் சீட்டு தமிழ்நாட்டில் 2003-ல் தடை செய்யப்பட்டது. குடத்தில் ஓலை போட்டுக் குலுக்கிய நாட்டில், குலுக்கல் வியாபாரத்தின் பணம் தேர்தலை நடத்த வந்து சேர்ந்திருக்கிறது. இவ்வளவு பெரும் வருவாய் ஒரு சிலர் கையில் குவிந்தால் அது எதையாவது வாங்கத்தான் செய்யும். கட்சிகள் விலைக்குக் கிடைக்கும்வரை அதையும் வாங்கும்.

பிடிபட்டால் என்ன ஆகிறது? 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் ஆர்.கே. நகரிலும், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தல் நிறுத்தப்பட்டது. சில மாதங்களில் மறுதேர்தல் வந்தது, முக்கிய வேட்பாளர்கள் அப்படியே திரும்ப நின்றார்கள். தண்டனை வாக்காளருக்கு: சில மாதக் காத்திருப்பு. கல்வெட்டு எழுதியவர்களாக இருந்தால் வேட்பாளரை வெளியே நிறுத்தியிருப்பார்கள். நாம் தேர்தலை வெளியே நிறுத்தினோம்.

‘இது மாறவே மாறாது’ என்பவர்களுக்கு இங்கிலாந்தைக் காட்டலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வாக்குக்குப் பணமும் பீரும் சகஜம். 1872-ல் ரகசிய வாக்கு வந்தது. 1883-ல் வந்த சட்டம் வேட்பாளர் செலவுக்கு வரம்பு வைத்தது, கணக்குக்கு ஓர் ஏஜெண்டைப் பொறுப்பாக்கியது, மீறினால் வெற்றியே பறிபோகும் என்றது. வாக்கு வியாபாரம் படிப்படியாகச் சரிந்தது. 2000-ல் கட்சிகளின் செலவுக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். அந்நாட்டார் நம்மைவிட நல்லவர்களாகப் பிறந்துவிடவில்லை. விதிக்குப் பல் இருந்தது.

நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே மக்கள் எப்போதும் அலுத்துக் கிடப்பதில்லை. ஏகனாபுரம் கிராம சபை 2022 ஆகஸ்ட் 15 முதல் பரந்தூர் விமான நிலையத் திட்டத்துக்கு எதிராகத் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் நிறைவேற்றியது. விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் இரு கருத்து இருக்கலாம். ஆனால் ஒரு கிராம சபை கூடி விவாதித்துக் கைதூக்கி முடிவு சொன்ன பிறகும் அதை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் வேலை நடந்தால், 2024-ல் அவ்வூர் மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்ததில் வியப்பென்ன? அரசியல்வாதிகள் மீது நம்பிக்கை போய்விட்டதே என்று வருந்தும் அமைச்சர்கள் அந்தத் தீர்மான நோட்டைத் திறந்து பார்க்கட்டும்.

ஆகவே நாம் கேட்பது இவை. கட்சிச் செலவுக்குச் சட்டப்படி உச்சவரம்பு. 1974-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன இடத்துக்குத் திரும்பினால் போதும். பணப்பட்டுவாடாவால் தேர்தல் நின்றால், விசாரணையில் பொறுப்பாளியாகக் காணப்படும் வேட்பாளர் மறுதேர்தலில் நிற்கக் கூடாது. விசாரணை மறுதேர்தலுக்கு முன் முடிய வேண்டும். தேர்தல் கணக்கையே தராதவருக்கு இன்று அதிகபட்சம் மூன்றாண்டுத் தடை. பொய்க் கணக்கு என்று நிரூபணமானால் ஆறாண்டுக்குக் குறையக் கூடாது.

டெல்லியும் சென்னையும் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாத ஒன்றும் உண்டு. காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தது. ஐந்தாண்டுக் காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. கிராம சபையில் வரவு செலவு வைக்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. நடப்பதோ பல ஊர்களில் நோட்டில் கையெழுத்து வாங்கும் சடங்கு. உத்திரமேரூர் ஒன்றியத்தின் ஒவ்வோர் ஊராட்சியும் தன் ஐந்தாண்டுக் கணக்கை, எந்த வேலை, எவ்வளவு தொகை, எந்த ஒப்பந்தக்காரர் என்று விவரமாக எழுதி, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். கிராம சபையில் வரி வரியாக வாசிக்கட்டும். பெண் தலைவர் இருக்கும் ஊரில் கணவர் அல்ல, தலைவரே எழுந்து பதில் சொல்லட்டும். அப்படிக் கணக்கு வைக்காதவரையும், அவர் நிறுத்தும் மனைவி, மகன், மருமகன் யாரையும் அடுத்த தேர்தலில் ஏற்பதில்லை என்று அதே கிராம சபையில் ஊரார் தீர்மானம் போடட்டும். சட்டப்படி அது யாரையும் தடுக்காது. ஆனால் வேட்புமனுவோடு வருகிறவர் அந்தத் தீர்மானத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.