மசகில் என்ன கலந்திருக்கிறது? கேட்பது உழவர் உரிமை

பார வண்டி ஓட்டியவர்களுக்கும் கவலை இறைத்தவர்களுக்கும் மசகின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அச்சுக்கு மை இடாத வண்டி நூறு அடி போவதற்குள் ஊரைக் கூட்டிவிடும். வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து, மைக்குழாயில் அடைத்து, வண்டியின் அடியில் தொங்கவிட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. குண்டடம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது இன்றும் நினைவிருக்கும். அந்த மையில் என்ன இருக்கிறது என்று எவரும் எவரையும் கேட்டதில்லை. கொட்டமுத்து நம் காட்டில் விளைந்தது. கரி நம் களத்தில் எரிந்தது. குழைத்ததும் நம் கைதான்.

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிக்கும் மசகு உண்டு. அதை மட்டும் வேறு யாரோ எங்கோ குழைத்தார்கள். ‘இதில் என்ன கலந்திருக்கிறது?’ என்று கேட்டவர்களுக்கு நேரான பதில் கிடைக்கவில்லை. 1857-ல் ஒரு பேரரசே ஆட்டம் கண்டதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. இன்று நாம் பயிருக்குத் தெளிக்கும் புட்டியின் முன்னாலும் அதே கேள்வி நிற்கிறது. ஆகவே இந்தப் பழைய கதை சிறு விவசாயிக்கும் வேண்டிய கதையே.

மசகு எதற்கு?

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்ததே கருமருந்து. இது முழுவதும் எரிந்து புகையாகப் போய்விடுவதில்லை. ஏறத்தாழப் பாதி எடைக்கு மேல் திடக் கசடாகிறது. அதில் ஒரு பகுதி குழலின் உட்புறத்தில் படிந்து கெட்டியாகிவிடும். நாலைந்து முறை சுட்ட பிறகு அடுத்த குண்டைக் கெட்டிக்கக் கோலை முழு பலத்துடன் அழுத்த வேண்டிவரும்.

குழலின் உள்ளே திருகு வரி வெட்டிய புரிகுழல் துப்பாக்கியில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். குண்டு அந்த வரியைப் பற்றிக்கொண்டு சுழன்றால்தான் நேராகப் போகும். அதற்காக உருண்டைக் குண்டைச் சிறு வட்டத் துணியில் பொதிந்து கெட்டிப்பார்கள். அந்தத் துணியில் பூசுவதுதான் மசகு. கசடை இளக வைத்து, துணி கருகாமல் காத்து, குண்டு வழுக்கி இறங்கச் செய்வது அதன் வேலை.

நல்ல மசகு கோடை வெயிலில் உருகி மருந்தை நனைக்கக்கூடாது. குளிரில் கல்லாக இறுகவும் கூடாது. உப்புச் சேர்ந்த கொழுப்பு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். பெட்ரோலிய எண்ணெய் கருமருந்தின் சூட்டில் தார் போன்ற பிசினாகிவிடும் என்பது இத்துறையில் பழகியவர்களின் அனுபவம். தேன்மெழுகுடன் தாவர எண்ணெயையோ நெய்யையோ உருக்கிச் சேர்த்தால் தேவையான குணங்கள் பெரும்பாலும் வந்துவிடுகின்றன. வெப்ப நாட்டில் மெழுகைக் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

துணியிலும் கவனம் உண்டு. திருப்பூரில் மலிவாகக் கிடைக்கும் பனியன் கழிவு இயந்திரம் துடைக்க நல்லது. ஆனால் இழுத்தால் நீளும் பின்னல் துணி குழலுக்குள் ஒரே கனத்தில் நிற்காது. செயற்கை இழை கலந்திருந்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். நெருக்கமாக நெய்த முழுப் பருத்திக் காடாத் துணியே இதற்கு ஏற்றது.

ஆகத் துணியும், மெழுகும், எண்ணெயும் கிராமத்துச் சரக்குகளே. இதில் மறைக்க வேண்டியது எதுவுமே இல்லை.

தெரிந்தே செய்த தவறு

கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படைக்கும் இது தெரியாததல்ல. அங்கே சில பிரிவுகளில் என்ஃபீல்டுக்கு முன்பே இரண்டு வரிப் புரிகுழல் துப்பாக்கி வழக்கத்தில் இருந்தது. அதன் குண்டைப் பொதியும் துணிக்குத் தேன்மெழுகும் எண்ணெயும் கலந்துதான் பூசினார்கள். சிப்பாய்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை.

பிறகு 1853-ம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி வந்தது. இதில் துணிக்குப் பதில் காகிதத் தோட்டா. மருந்தும் குண்டும் ஒரே காகிதச் சுருளில் இருக்கும். அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, மசகு பூசிய மறுமுனையைக் குண்டோடு உள்ளே தள்ள வேண்டும். மசகு பூசிய காகிதம் வாயருகே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பரீட்சைக்காக இந்தத் தோட்டாக்கள் இந்தியாவுக்கு வந்த 1853-லேயே வங்காளப் படையின் உயர் அதிகாரியான கர்னல் டக்கர் எழுத்து மூலம் எச்சரித்தார். சிப்பாய்களின் சாதி, சமய வழக்கத்துக்கு ஊறு செய்யாத மசகுதான் இது என்று தெரியாதவரை அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்பது அவர் கருத்து. அந்தக் கடிதம் கோப்பில் தூங்கிற்று. உள்நாட்டிலேயே தோட்டா செய்யத் தொடங்கியபோதும், கொழுப்பை வழங்கிய ஒப்பந்தக்காரரிடம் அது எந்த விலங்கின் கொழுப்பு என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளவில்லை.

1857 ஜனவரியில் கல்கத்தா அருகே டம்டம் ராணுவக் கிடங்கில் பேச்சு கிளம்பியது. பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்திருக்கிறது என்றார்கள். இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒரே சமயத்தில் நெஞ்சில் தைத்த பேச்சு அது. அந்த மாதமே அரசாங்கம் விழித்துக்கொண்டு, மசகு பூசாத தோட்டாவைக் கொடுங்கள், சிப்பாய்களே தங்களுக்குப் பிடித்த மெழுகையும் எண்ணெயையும் பூசிக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. பின்னர் பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கவும் பயிற்சி முறை மாற்றப்பட்டது.

முன்பே செய்திருந்தால் பொன்னான யோசனை. ஆனால் கண் கெட்ட பிறகு செய்த சூரிய நமஸ்காரமாக அது முடிந்தது. மசகின் மேல் இருந்த சந்தேகம் காகிதத்தின் மேல் தாவியது. பளபளப்பாக இருக்கிறதே, இதிலேயே கொழுப்பு இருக்கும் என்றார்கள். பிப்ரவரி 26-ல் பெர்ஹாம்பூரில் 19-வது காலாட்படை தோட்டாவை வாங்க மறுத்தது. மார்ச் 29-ல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். ஏப்ரல் 8-ல் தூக்கிலிடப்பட்டார். ஏப்ரல் 24-ல் மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே! ஆனாலும் நம்புவார் இல்லை. மே 9-ல் எல்லார் முன்னிலையிலும் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எழுந்தது. பின்னர் வடநாட்டின் பெரும்பகுதியே எழுந்தது.

மசகு ஒன்றே காரணம் என்று சொல்வது சரியாகாது. நாடு பிடித்தல், நிலவரிக் கொடுமை, சம்பளக் குறை எனப் பல விறகுகள் அடுக்கப்பட்டிருந்தன. மசகு, தீக்குச்சி.

வேலூர் கற்றுக்கொடுத்தது

இதற்கு அரை நூற்றாண்டு முன்பே நம் தமிழ்நாட்டில் இதே பாடம் நடந்து முடிந்திருந்தது. சென்னைப் படையின் சிப்பாய்களுக்குப் புதுவகைத் தலைப்பாகை கொடுக்கப்பட்டது. அதில் தோலால் ஆன குஞ்சம் இருந்தது. எந்த மாட்டின் தோல், எந்தப் பிராணியின் தோல் என்ற கேள்வி எழுந்தது. சமயச் சின்னங்களையும் தாடியையும் கட்டுப்படுத்தும் விதிகள் வேறு கூடவே வந்தன. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் எழுச்சி வெடித்தது. அந்த அனுபவம் இருந்தும் 1857-ல் மறுபடி அதே குழியில் விழுந்தார்கள்.

‘அது வெறும் வதந்தி, மசகு பூசிய என்ஃபீல்டு தோட்டா பெரும்பாலான சிப்பாய்களின் கைக்கே போகவில்லை’ என்று சிலர் வாதிடுவது உண்டு. இருக்கட்டும். வதந்தி எங்கே வளர்கிறது? பதில் இல்லாத இடத்தில்தான் வளர்கிறது. ‘இதில் இன்னின்ன பொருள் இருக்கிறது’ என்று முதல் நாளே சொல்லியிருந்தால் வதந்திக்குக் காலூன்ற இடமே இருந்திருக்காது.

நம் தோட்டத்துக்கு வருவோம்

துப்பாக்கிக்குப் போடுவதையும் மருந்து என்கிறோம்; பயிருக்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம். முன்னதோடு நமக்கு உள்ள உறவு குறைவு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, பயிர் காவலுக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் பெற வழி வைத்திருக்கிறது. ஆனால் உரிமம் இருப்பதனாலேயே மயிலைச் சுட்டுவிட முடியாது. மக்காச்சோளத்தை மயில் கொத்திப் போகிறது என்ற வேதனை நம் வட்டாரத்தில் நியாயமானதே. எனினும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை அது. கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறைவாசம். ஆகவே துப்பாக்கியை நம்பி நாம் விவசாயம் செய்யப் போவதில்லை.

பின்னதை, அதாவது பயிருக்கு அடிக்கும் மருந்தையும் டானிக்கையும், வாங்காத சிறு விவசாயி இல்லை. வெங்காயமானாலும் மிளகாயானாலும் முருங்கையானாலும் கடைக்காரர் எடுத்துக்கொடுக்கும் புட்டியை வாங்கி வந்து கலக்குகிறோம். அதில் என்ன இருக்கிறது?

டானிக் என்று நாம் சொல்லும் பயிர் ஊக்கிகள் 2021 பிப்ரவரியில்தான் 1985-ம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவரப்பட்டன. கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், அமினோ அமிலம், புரதச் சாறு என்று அவற்றில் பல வகை. இவற்றுள் கோழி இறகு, பன்றித் திசு, மாட்டுத் தோல் போன்றவற்றிலிருந்து எடுத்த புரதச் சாறுகளும் நெல், தக்காளி, மிளகாய் போன்ற பயிர்களுக்கென அனுமதி பெற்றிருந்தன. சமய, உணவு வழக்கம் சார்ந்த ஆட்சேபம் எழுந்தது. 2025 செப்டம்பர் இறுதியில், விலங்குப் பொருளிலிருந்து செய்த 11 ஊக்கிகளின் அனுமதியை மத்திய அரசு விலக்கிக்கொண்டது. தெளித்தவர்களில் எத்தனை பேருக்கு அது எதிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும்?

விலங்குப் பொருள் பயிருக்கு ஆகாது என்று நாம் சொல்ல வரவில்லை. சாணமும் ஆட்டுப் புழுக்கையும் இல்லாமல் வெள்ளாமை ஏது? எலும்புத்தூளையும் மீன் அமிலத்தையும் தெரிந்தே போடுகிறோம். மீன் அமிலம் வேண்டாம் என்பவர் பஞ்சகவ்யம் போடுகிறார். இரண்டும் வேண்டாம் என்பவர் கடற்பாசிச் சாறு வாங்குகிறார். தெரிந்து போடுவது அவரவர் விருப்பம். தெரியாமல் போட வைப்பதுதான் குற்றம். பொருளில் குறை இல்லாவிட்டாலும் மறைப்பு நம்பிக்கையைக் கெடுத்துவிடும். நம்பிக்கை கெட்டால் நல்ல பொருளும் விலைபோகாது என்பதைக் கம்பெனிக்காரர்களும் உணர வேண்டும்.

‘விவசாயிக்கு இதெல்லாம் புரியாது, பலன் தெரிந்தால் போதும்’ என்று சொல்வோரும் உண்டு. டம்டம் அதிகாரிகளும் சிப்பாய்களைப் பற்றி ஏறத்தாழ அப்படித்தான் எண்ணினார்கள். வண்டி மைக்கு எந்த எண்ணெய் எத்தனை நாள் தாங்கும் என்று அறிந்த குடியானவனுக்கு, புட்டியில் உள்ளதைத் தமிழில் எழுதினால் புரியாமல் போகாது.

செய்ய வேண்டியவை

பூச்சிமருந்துக்கு 1968-ம் ஆண்டுச் சட்டமும் 1971-ம் ஆண்டு விதிகளும் உள்ளன. பொதியில் உள்ள துண்டுப் பிரசுரம் அந்தப் பகுதியின் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. சீட்டில் உள்ள முக்கோணத்தின் நிறமே நஞ்சின் அளவைச் சொல்லும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை மிகக் குறைந்தது. பிரசுரத்தைக் கிழித்து எறியாமல் படிக்க வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளைகளைப் படிக்கச் சொல்ல வேண்டும்.

டானிக் வாங்கும்போது ‘இது எதிலிருந்து செய்தது?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அடங்கியுள்ள பொருளும், தயாரித்தவர் பெயரும், தேதியும் இல்லாத புட்டி என்ன சலுகை விலையில் வந்தாலும் வேண்டாம். ரசீது இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். பயிர் கருகிய பிறகு நியாயம் கேட்கப் போனால் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். சந்தேகம் இருந்தால் புட்டியைத் திறக்குமுன் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டுங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். ஊக்கிகளின் மூலப்பொருள் எது, தாவரமா விலங்கா என்பதைக் கண்ணாடி போடாமல் படிக்கக்கூடிய தமிழ் எழுத்தில் சீட்டின் முகப்பிலேயே அச்சிடச் செய்ய வேண்டும். உணவுப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி போட முடிகிறபோது உரப் புட்டியில் போட முடியாதா?

கர்னல் டக்கர் கேட்டதும் இந்த ஒரு விவரத்தைத்தான். 1853-ல் அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் மெழுகும் எண்ணெயும் போதுமானதாக இருந்தது. நான்கு ஆண்டு கழித்து எதைக் கொடுத்தும் ஈடுகட்ட முடியவில்லை.